மேளத்துக்கு அட்வான்ஸ் வாங்கும் முன்

திருப்புல்லாணிப் பக்கம் நாயனம் வாசிக்கிறேன். புதிதாகச் செட் வைத்திருக்கிற தம்பிகள், "எவ்வளவு அண்ணே கேட்கலாம்?" என்கிறார்கள். தாராளமாகக் கேளுங்கள். தவில்காரருக்கும் வீடு, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் தேதி கொடுக்கும் முன் டைரியை எடுத்து, கொடுக்கக் கூடாத நாட்களை முதலில் அடைத்துவிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த இரண்டு மாதமும் சாதகத்துக்கு, அதாவது வாசித்துப் பழகுவதற்கு. விடியலில் சேதுக்கரைக்குப் போய், கடலைப் பார்த்து உட்கார்ந்து பூபாளம் வாசித்தால் மூச்சு நீளமாக நிலைத்து நிற்கும். நான் அந்த மாதங்களைக் கட்சிக் கூட்ட வரவேற்புகளுக்கு விற்றேன். நல்ல பணம். தெரிந்த சினிமாப் பாட்டு பத்து போதும், யாரும் ராகம் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் கார் வாங்கினேன்.

அப்புறம் ஒரு பங்குனியில் சுவாமி புறப்பாடு. மல்லாரி வாசிக்க வேண்டும். மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், இல்லை. கம்பீர நாட்டை ராகத்தில் தத்தகாரம் என்கிற தாளச் சொற்கட்டு மட்டும்தான், மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வர வேண்டும். மூன்றாம் காலத்தில் என் விரல் நழுவியது. பக்கத்தில் நின்ற அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பையனிடமிருந்து ஜாலராவை வாங்கி, எனக்காகக் காலத்தைக் குறைத்துப் போட்டார். கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்ததோ, எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஒரே முகூர்த்த நாளில் இரண்டு கல்யாணம் வேண்டாம். பரமக்குடியில் கெட்டிமேளம் முடித்துத் தொண்டிக்கு வேனில் பறக்கிறவன், பரமக்குடியிலும் சரியாக வாசித்திருக்க மாட்டான். சினிமாப் பாட்டு கேட்டால் வாசியுங்கள், தப்பில்லை. முதல் அரை மணி மட்டும் எங்கள் விருப்பத்துக்கு வாசிப்போம் என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பேசும்போது சொன்னால் யாரும் மறுப்பதில்லை. மண்டபத்தில் போய்ச் சொன்னால்தான் சண்டை.

வரும் பணத்தில் முதல் செலவு, நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளிக்கு. காவிரிக்கரை நாணலில் நல்லதாக நாலைந்து பார்த்து வாங்கி, வாசித்துப் பழக்குங்கள். குழல் பழசானால், நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டைக்கு நேரில் போங்கள். கார் அப்புறம்.

இப்போது என் டைரியில் ஆடி முழுக்க 'மல்லாரி' என்று எழுதியிருக்கிறேன். யார் போன் செய்தாலும், "அன்னைக்கு ஒப்புக்கொண்டது இருக்கு" என்றுதான் சொல்கிறேன்.