போன் வழியாக மனநலம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சிறு கிளினிக்குகளிலும் மனநலப் பரிசோதனை போனுக்கு வந்துவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் போகிறது. பேருந்தில் உட்கார்ந்தபடியே ஒன்பது கேள்விக்குப் பதில் தட்டிவிடுகிறார். இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். குடும்ப டாக்டரிடம் வருகிறவர்களின் மனச்சோர்வு பல நேரம் கண்ணுக்குப் படாமல் போவதற்குக் காரணம், யாரும் அதைப் பற்றி வாய் திறந்து கேட்பதில்லை என்பதுதான். போன் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது.

ஆனால் புதிதாகத் தொடங்குகிற ஒவ்வொரு இடத்திலும், முன்னால் போனவர்கள் இடறிய கல்லிலேயே இடறுகிறார்கள். பாஸ்வேர்டு, பேக்கப் போன்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை இங்கே எழுதப்போவதில்லை. மனிதருக்குத் தீங்கு செய்யும் தவறுகள் வேறு.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு இது. இத்தனை வருடம் கழித்தும் புதிய மென்பொருள்களில் இதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

பெரும்பாலான கிளினிக்குகள் பயன்படுத்துவது மனச்சோர்வை அளக்க 2001ல் வெளியான பி.எச்.க்யூ-9 என்ற படிவம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை: இல்லவே இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், ஏறக்குறைய தினமும். மொத்தம் 27. ஐந்திலிருந்து ஒன்பது வரை லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம், 15 முதல் 19 வரை நடுத்தரத்துக்கு மேல், 20ம் அதற்கு மேலும் கடுமையானது. மென்பொருள் செய்கிறவருக்கு இது கூட்டல் கணக்கு. கூட்டி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுவிடுகிறார்.

இப்போது இந்த வரிசையைப் பாருங்கள்: 0, 1, 1, 1, 0, 1, 0, 0, 2. மொத்தம் 6. திரையில் பச்சை. பக்கத்தில் "லேசான மனச்சோர்வு, 4 வாரம் கழித்து மறுபரிசோதனை" என்று தானாக வந்து நிற்கும். நர்ஸ் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஆனால் கடைசியில் இருக்கும் அந்த 2 ஒன்பதாவது கேள்விக்கான பதில். செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைப்பு வருகிறதா என்று கேட்கிற கேள்வி அது. பாதி நாட்களுக்கு மேல் வருகிறது என்று அந்த மனிதர் நம்மிடம் சொல்லிவிட்டார். நாம் அதை ஆறில் கரைத்துவிட்டோம்.

இப்படி ஒரு பச்சை நிற வரியைப் பற்றித் தெரிந்தது தற்செயலாகத்தான். பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஆயாவிடம் வரவேற்பில் இருந்த பெண் "தூங்குறீங்களா ஆயா?" என்று கேட்டிருக்கிறாள். "அதான் போன்லயே எல்லாம் எழுதிட்டேனே கண்ணு, யாரும் கூப்பிடலியே" என்றிருக்கிறார் அவர். படிவம் அனுப்பி 11 நாள் ஆகியிருந்தது. ஆயா பிழைத்து நடமாடுவதற்கு அந்த மென்பொருள் எந்த விதத்திலும் காரணமில்லை. வயதானவர்கள் நம்மிடம் சொன்னதை நாம் கேட்டுக்கொண்டோம் என்றுதான் நம்புவார்கள். பதில் வராவிட்டால், சொல்லியும் பயனில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். கேட்காமலே இருந்ததைவிட இது மோசம்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு இல்லை.

ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் என்னவாக இருந்தாலும், சிவப்பு. இந்த விதிக்கு விலக்கே கூடாது. அந்தச் சிவப்பு ஈமெயிலாகப் போகக்கூடாது. பெயர் குறித்து வைத்த இரண்டு பேரின் போன் மணி அடிக்க வேண்டும். முதலாமவர் 15 நிமிடத்தில் எடுக்காவிட்டால் இரண்டாமவருக்குப் போகவேண்டும். அன்றைக்கே நோயாளியைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கூப்பிடும்போது சுற்றி வளைக்காமல் கேளுங்கள். நினைப்பு மட்டும்தானா, எப்படி என்றும் யோசித்திருக்கிறாரா? அதற்கான பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? முன்பு எப்போதாவது முயன்றதுண்டா? இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் புதியவர்களுக்கு உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்டதும் பலருக்கு மூச்சு இலகுவாகிறது. திட்டமும் பொருளும் இருந்தால் இணைப்பைத் துண்டிக்காமல் இன்னொரு போனில் 10177க்கு ஆம்புலன்ஸ் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் போலீஸ் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது.

படிவம் திறக்கும் முன்பே மூன்று தகவல் வாங்கி வையுங்கள்: இப்போது எந்த முகவரியில் இருக்கிறார், இன்னொரு தொலைபேசி எண், நாங்கள் கூப்பிடலாம் என்று அவரே அனுமதித்த ஒரு உறவினர். சிவப்பு வந்த பிறகு பதிவேட்டைத் தேடினால் ஐந்து வருடத்துக்கு முந்தைய முகவரிதான் கிடைக்கும்.

லிங்கை வெள்ளிக்கிழமை பிற்பகல் அனுப்பாதீர்கள். திங்கள் முதல் வியாழன் வரை, காலையில் அனுப்புங்கள். இரவில் வந்த பதிலை யாரும் பார்க்கப்போவதில்லை என்றால், படிவம் இரவில் மூடியிருக்கட்டும்.

இன்னொரு குறுக்குவழியும் நடமாடுகிறது. பொறுப்பு வரும் என்று பயந்து ஒன்பதாவது கேள்வியையே எடுத்துவிடுகிறார்கள். எட்டுக் கேள்விப் படிவம் இருப்பது உண்மைதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு அது பொருத்தம். நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு கிளினிக்கில் அதைப் பயன்படுத்துவது கண்ணை மூடிக்கொள்வதாகும்.

கடைசியாக, மாதம் ஒருமுறை ஒரு போலிப் படிவம் அனுப்பிப் பாருங்கள். எல்லாம் 0, ஒன்பதாவதற்கு மட்டும் 1. யாருடைய போன் எத்தனை நிமிடத்தில் அடிக்கிறது என்று குறித்து வையுங்கள். அடிக்கவில்லையென்றால் அன்றைக்கே லிங்க் அனுப்புவதை நிறுத்துங்கள். மென்பொருளைப் புதுப்பித்த மறுநாளும் இதைச் செய்யுங்கள். பழைய விதி பெரும்பாலும் அப்போதுதான் காணாமல் போகிறது.

வீடியோதான் உயர்ந்தது என்று நினைப்பது

ப்ரீபெய்ட் டேட்டாவில் வாழ்கிறவருக்கு ஒரு மணி நேர வீடியோ பல நூறு எம்.பி. தின்னும். பாதியில் தீர்ந்துவிடும் என்ற பயத்திலேயே அவர் சுருக்கமாகப் பேசுவார். முக்கியமானது வெளியே வராது. சாதாரண போன் அழைப்பு போதும். செலவு கிளினிக்கினுடையதாக இருக்கட்டும், நீங்களே கூப்பிடுங்கள்.

மின்வெட்டு நீண்டால் டவரின் பேட்டரி தீரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் டவர்களே செயலிழந்து கிடந்தன. எனவே ஒவ்வொரு அழைப்பின் முதல் நிமிடத்திலும், "லைன் கட்டானா நான்தான் திரும்பக் கூப்பிடுவேன், இந்த நம்பர்ல கிடைக்கலன்னா எந்த நம்பர்?" என்று கேட்டுவிடுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், யார் கூப்பிடுவது என்று இரண்டு பக்கமும் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

திரையில் தெரியும் செய்தி

ஒரே வீட்டில் மூன்று தலைமுறை. சமையலறை மேசையில் சார்ஜில் கிடக்கும் போன். "உங்கள் மனச்சோர்வு ஆலோசனை நாளை 10 மணிக்கு" என்று திரை ஒளிர்ந்தால் அதை முதலில் வாசிப்பது நோயாளியாக இருக்காது. நோயின் பெயர், மாத்திரையின் பெயர், ஆலோசகரின் பதவி எதுவும் செய்தியில் வேண்டாம். "நாளை 10 மணிக்கு உங்கள் வருகை உறுதி. மாற்ற வேண்டுமானால் 1 என்று அனுப்புங்கள்." இவ்வளவு போதும்.

உடல்நலத் தகவல் சிறப்புப் பாதுகாப்புக்குரியது என்று தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது போப்பியா, தெளிவாகச் சொல்கிறது. 2021 ஜூலை 1 முதல் அதை மீறுவதற்குச் சாக்கு இல்லை. ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நோயாளியின் படிவத்தைப் படம் எடுத்துப் போட்டு "இதுக்கு என்ன பண்றது?" என்று கேட்பதும் மீறல்தான்.

மருமகள் நிரப்பிய படிவம்

பாட்டிக்கு எழுத்து சரியாகத் தெரியாது, ஆங்கிலம் தயக்கம். மருமகளோ பேரனோ வாசித்துக் காட்டி நிரப்புகிறார்கள். மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு "வீட்டுக்குப் பாரமா இருக்கேன்னு தோணுது" என்று யார் சொல்வார்? எல்லாவற்றுக்கும் 0 வந்தால் சந்தேகப்படுங்கள். "யார் நிரப்பியது?" என்று படிவத்தின் முதல் கேள்வியாக வையுங்கள். வேறொருவர் என்றால் அந்த மதிப்பெண்ணைத் தள்ளிவைத்து, நர்ஸ் தனியறையில் தமிழிலேயே கேட்கட்டும். கோயில் மண்டபத்து மருத்துவ முகாமில் டேப்லெட்டை வரிசையில் கைமாற்றிக் கொடுப்பதிலும் இதே கோளாறு. பின்னால் நிற்கிறவர் தோள் வழியே வாசித்துக்கொண்டிருப்பார்.

உடம்பை மறப்பது

ஒன்பது கேள்வியில் தூக்கம், அசதி, பசி மூன்றும் உடம்பைப் பற்றியவை. நம் சமூகத்தில் சர்க்கரை நோய் மிக அதிகம். கட்டுக்கடங்காத சர்க்கரை ஒருவரை இரவில் நான்கு தடவை எழுப்பும், பகலில் சுருட்டிப் போடும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைந்து அசதி வரலாம். தைராய்டு, இரத்தசோகை, குடிப்பழக்கம் என்று இன்னும் உண்டு.

மதிப்பெண் 10ஐத் தாண்டினால் ஹெச்.பி.ஏ.1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை), ஹீமோகுளோபின், டி.எஸ்.ஹெச் (தைராய்டு) பாருங்கள், மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு பி12ம் பாருங்கள். எத்தனை கிளாஸ் குடிக்கிறார் என்று கேளுங்கள். லிங்க் வசதி வந்த பிறகு இரத்த அழுத்தக் கருவியைக்கூட எடுக்காமல் மனச்சோர்வு என்று எழுதிவிடும் பழக்கம் பரவுகிறது. அதே நேரம், ரத்தத்தில் கோளாறு கண்டுபிடித்தால் மனம் நலம் என்று அர்த்தமில்லை. இரண்டும் சேர்ந்தே வரும்.

மருந்து தொடங்கிவிட்டு அடுத்த மாதம் பார்ப்பது

மனச்சோர்வு மாத்திரையான ஃப்ளூவாக்செட்டின் 20 மி.கி. காலையில் என்று தொடங்குகிறீர்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆனால் குமட்டல், படபடப்பு, தூக்கக் குறைவு எல்லாம் முதல் வாரத்திலேயே வரும். கெடுதல் முன்னால், நன்மை பின்னால். இதைச் சொல்லாவிட்டால் எட்டாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போகும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடவும் வாய்ப்புண்டு. முதல் வாரக் கடைசியில் ஒரு அழைப்பு, இரண்டாம் வாரம் ஒன்று, நான்காம் வாரம் ஒன்று. போன் இங்கேதான் உண்மையாகவே பயன்படுகிறது. பத்து நிமிடம் போதும்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி கட்டாயம்: எப்போதாவது பல நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு இருந்ததுண்டா? ஆம் என்றால் அது, அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். வெறும் மனச்சோர்வு மாத்திரை அவரை அந்த அளவுமீறிய உற்சாகத்துக்குள் தூக்கி எறிந்துவிடலாம். பி.எச்.க்யூ-9 இதைக் கேட்பதில்லை.

ஆபத்து இருக்கும் ஒருவருக்கு மாத்திரை தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரைகளை உறவினர் வாங்கி வைக்கட்டும்.

சென்னை டாக்டரிடம் வீடியோவில் காட்டி மருந்து

இங்கே பதிவு இல்லாதவரின் சீட்டுக்கு டர்பன் மருந்துக்கடை இந்த மாத்திரைகளைத் தராது.

பரிந்துரைக் கடிதம் ஈமெயிலில் போனால் போதும் என்று நம்புவது

உங்கள் மென்பொருளும் அரசு ஆஸ்பத்திரியின் பதிவேடும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. 2016ல் கௌடெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி என்ற மனநலக் காப்பகங்களின் நோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்றியபோது, பலருடைய மருத்துவக் குறிப்புகள் அவர்களோடு போகவில்லை. அந்த மாற்றத்தில் 144 பேர் இறந்தார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் வந்து சேர்ந்தவர் யார், என்ன மருந்து எடுக்கிறார் என்று தெரியாமல் யாரும் யாரையும் பராமரிக்க முடியாது.

ஒரு பக்கம் அச்சிட்டு நோயாளியின் கையில் கொடுங்கள்: மதிப்பெண், ஒன்பதாவது பதில் தனியாக, மருந்தும் அளவும், ஒவ்வாமை, உங்கள் நேரடி எண். மறுநாள் கூப்பிட்டு, போய்ச் சேர்ந்தாரா என்று கேளுங்கள்.

சாட்பாட்டைக் காவலுக்கு நிறுத்துவது

வேண்டாம்.

டிசம்பர்

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை பாதி ஊர் விடுமுறையில் இருக்கும். கிளினிக் மூடியிருக்கும், ஆனால் தானியங்கி நினைவூட்டல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். தனியாக இருப்பவர்களுக்கு அந்த மூன்று வாரம்தான் கனமானது. கதவை மூடும் முன் எல்லா லிங்க்குகளையும் நிறுத்துங்கள். சிவப்பில் இருப்பவர்களின் பட்டியலை அச்சிட்டு, யார் எந்த நாள் கூப்பிடுவது என்று பெயர் எழுதுங்கள். வாட்ஸ்அப் தானியங்கிப் பதிலில் "விரைவில் தொடர்புகொள்வோம்" என்ற வரியை நீக்கிவிட்டு இதைப் போடுங்கள்: "ஜனவரியில் கிளினிக் திறக்கும் வரை இந்தச் செய்தியை யாரும் பார்க்க மாட்டார்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் இப்போதே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567க்குக் கூப்பிடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 10177, செல்போனிலிருந்து 112."