ஸ்பீக்கர் கூடினால் ஓம்ஸ் குறையும்: ஆம்ப் வயரிங்கில் நாம் செய்கிற தவறுகள்

போன விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் சாயங்காலம், பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிற சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, பாட்டு நல்லாத்தான் ஓடுது. கொஞ்சம் சவுண்டு ஏத்துனா கப்புனு நின்னுடுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு தானா வருது. கடையில ஏமாத்திட்டாங்களா?"

போய்ப் பார்த்தேன். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் இருந்தது. சைடுக்கு இரண்டு பாக்ஸ், ஒவ்வொன்றும் 8 ஓம்ஸ். ஓம்ஸ் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு. அதுவரைக்கும் சரி. புதிதாக ஒரு 4 ஓம்ஸ் சப்வூஃபர் (அடி சத்தத்துக்கான ஸ்பீக்கர்) வாங்கி, அதன் வயரையும் இடது பக்க டெர்மினலிலேயே சேர்த்து முறுக்கி வைத்திருந்தான். ஆம்ப் முதுகில் '4 முதல் 16 ஓம்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறது. அதை யாரும் படிக்கவில்லை. எல்லாரும் படிப்பது முன்பக்கம் ஒட்டிய வாட்ஸ் ஸ்டிக்கரைத்தான்.

ஸ்பீக்கர் கூடக் கூட ஓம்ஸும் கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒரே டெர்மினலில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், அதாவது பேரலலில், நடப்பது நேர் எதிர். இரண்டு 8 சேர்ந்தால் 4. அந்த 4-உடன் இன்னொரு 4 சேர்ந்தால் 2. ஆம்ப் 20 வோல்ட் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஓம்ஸில் ஓடுவது 2.5 ஆம்பியர், 4-இல் 5, 2-இல் 10. கரண்ட் கூடினால் சூடும் கூடும், ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) கை வைக்க முடியாது. நல்ல ஆம்ப் என்றால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், அவனுடையது செய்தது அதைத்தான். அந்தப் பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத ஆம்பாக இருந்திருந்தால், பிள்ளையார் வருவதற்குள் புகை வந்திருக்கும்.

'அப்போ சீரிஸில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துப் போட்டால்?' என்று கேட்பீர்கள். 8-ம் 4-ம் சீரிஸில் 12 ஓம்ஸ் ஆகும், ஆம்புக்கு ஆபத்து இல்லை. ஆனால் ஸ்பீக்கரின் ஓம்ஸ் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அளவில் நிற்பதில்லை. வெவ்வேறு ஜாதி ஸ்பீக்கர்களைச் சீரிஸில் கோத்தால் ஒன்றின் ஏற்ற இறக்கம் மற்றதின் சத்தத்தைக் கெடுக்கும். சீரிஸ் போடுவதானால் ஒரே மாடல் இரண்டை மட்டும் போடுங்கள். சப்வூஃபருக்குத் தனி ஆம்ப் கொடுப்பதுதான் என் கட்சி.

காயில் என்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள். அது இரண்டு உள்ள இரட்டைக் காயில் சப்வூஃபரில் இந்தக் கணக்கு இன்னும் குழப்பும். '4+4' என்று எழுதியிருந்தால் அதை 8 ஓம்ஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு காயிலையும் சீரிஸில் போட்டால் 8, பேரலலில் போட்டால் 2. அப்படி இரண்டு சப்வூஃபர் இருந்து, நாலு காயிலையும் பேரலலில் போட்டால் 1 ஓம்ஸ்தான் மிஞ்சும். ஒவ்வொன்றின் காயிலையும் சீரிஸில் போட்டு, பிறகு இரண்டு சப்வூஃபரையும் பேரலலாக்கினால் 4 வரும். பெரும்பாலான ஆம்ப் இதற்கு ஒத்துழைக்கும்.

நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எல்லா வயரும் போட்ட பிறகு, ஆம்பில் மாட்டும் முன், அந்த நுனியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பேன். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மீட்டரில் 3-லிருந்து 3.7 வரை காட்டும், 8 ஓம்ஸ் ஆறு சொச்சம் காட்டும். குறைவாகக் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், காயில் கம்பியின் டிசி தடை மட்டும்தான் அது. ஒன்றரைக்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ காட்டினால் மாட்டாதீர்கள். எங்கோ கணக்கு தப்பியிருக்கிறது.

பிரிட்ஜ் விஷயத்திலும் இதே கணக்கில்தான் சறுக்குகிறார்கள். இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே சப்வூஃபரை ஓட்டும்போது, ஒவ்வொரு சேனலும் பாதி ஓம்ஸைத்தான் பார்க்கும். 4 ஓம்ஸ் சப் மாட்டினால் ஆம்புக்குள் அது 2 மாதிரி. 'ஸ்டீரியோவில் 2 ஓம்ஸ் தாங்கும்' என்று எழுதிய கார் ஆம்ப், பிரிட்ஜில் 4-க்குக் கீழே தாங்காது.

இப்போது என் சொந்த அசட்டுத்தனம். அல்சூர் வீட்டுக்கு மாறின புதிதில் இரண்டு வாரம் எனக்கு பேஸே, அதாவது அடி சத்தமே, வரவில்லை. ஸ்பீக்கரைச் சுவரோடு தள்ளினேன், மூலைக்கு நகர்த்தினேன், வீட்டுக்காரம்மா போட்ட தரை டைல்ஸைக்கூடத் திட்டினேன். கடைசியில் பீரோவுக்குப் பின்னால் வயரை ஒட்டுப்போட்ட இடத்தில் பிளஸும் மைனஸும் மாறியிருந்தது. ஒரு ஸ்பீக்கரின் கோன் (அசையும் கூம்பு) முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், அடி சத்தம் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஆம்புக்கு எதுவும் ஆகாது, அதனால்தான் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆனது. சோதிப்பது சுலபம். வயரை ஆம்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கர் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே துள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. ட்வீட்டரில் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரில்) மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

சின்ன கிளாஸ்-டி ஆம்ப் போர்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிபிஏ 3116 மாதிரி சிப் உள்ள போர்டில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது கிரவுண்டு (சிக்னல் இல்லாத பொது இணைப்பு) இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டிலுமே சிக்னல் ஓடுகிறது. வயர் மிச்சமாகும் என்று இடது வலது மைனஸை ஒன்றாகக் கட்டினாலோ, கார் பாடியில் தொட்டாலோ போர்டு போய்விடும். இப்போதைய கார் ஸ்டீரியோக்களும் இதே ரகம். பழைய காரில் ஸ்பீக்கர் மைனஸைப் பாடியில் கொடுத்திருந்தால், புது ஸ்டீரியோ மாட்டும்போது புது வயர் இழுத்தாக வேண்டும்.

வயர் என்றதும் ஞாபகம் வருகிறது. கடையில் 'ஃபுல் காப்பரா?' என்று கேட்டால், கன்னடத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் 'ஆமா' என்றுதான் பதில் வரும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அது தாமிரம் பூசிய அலுமினியம். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய தாமிரம், தாராளமாக வாங்கலாம். அலுமினியம் பாவம் இல்லை, ஒரு அளவு தடிமனாக வாங்க வேண்டும், அவ்வளவுதான். கனமும் முக்கியம். ஆம்பிலிருந்து 10 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் என்றால், போய்வர 20 மீட்டர் கம்பி. 0.5 சதுர மி.மீ. தாமிரத்தில் அதற்கே 0.7 ஓம்ஸ் ஆகிவிடும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியில் ஏழில் ஒரு பங்கு வயரிலேயே கரையும். 1.5 சதுர மி.மீ. போட்டால் 0.23 ஓம்ஸ், இது போதும். ஆயிரக்கணக்கில் விற்கும் 'ஆடியோஃபைல்' வயர் எனக்கு வேண்டாம்.

உள்ளேயே ஆம்ப் உள்ள சப்வூஃபராக இருந்தால் ஓம்ஸ் கவலை இல்லை. ஏவி ரிசீவரின் (டிவியோடு சேர்க்கும் ஆம்பின்) சப் அவுட்டிலிருந்து, சிக்னல் மட்டும் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் ஒன்று போதும். ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து வயர் வெட்டி ஆர்சிஏ பின்னில் சொருகுகிறார்கள், அது தப்பு. அதற்கென்று 'ஹை லெவல்' என்று தனி இடம் இருக்கும். ரிசீவரில் கிராஸ்ஓவரை (அடி சத்தத்தைப் பிரித்து சப்புக்கு அனுப்பும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வைத்தீர்களானால் சப்பின் கிராஸ்ஓவர் திருகை முழுக்கத் திறந்து வையுங்கள். இரண்டு இடத்திலும் வெட்டினால் நடுவில் ஓட்டை விழும்.

ஆம்புக்குள் வரும் சிக்னலுக்கு ஏற்ப ஒருமுறை சரிசெய்து விட வேண்டிய கெயின் திருகை, வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்புவது கார்க்காரர்களின் வியாதி. ஆம்ப் தன் எல்லையைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும், காயில் வேகும். 4 ஓம்ஸில் 100 வாட்ஸ் என்றால் 20 வோல்ட் ஏசி. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஆம்ப் டெர்மினலில் மீட்டரை வைத்து, கெயினை மெல்லத் திருப்பி 20 வந்ததும் நிறுத்துங்கள். அப்புறம் காரில் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், ஆம்ப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் நடுவில் ஓடும் வயரைக் காப்பாற்றாது. கிரவுண்டு திருகும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள்.

வீட்டில் 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சிலர் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், இரைச்சல் போகும், ஷாக் வரும். முதலில் செட்டாப் பாக்ஸ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பல வீட்டில் திருடன் அதுதான்.

ஸ்ரீராமபுரம் மாடிக்கு வருவோம். சப்வூஃபரை இடது டெர்மினலிலிருந்து பிரித்தோம். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் பழைய ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஆர்சிஏ ஒய் கேபிள் போட்டு, அதைச் சப்புக்கு மட்டும் கொடுத்தோம். ஆன் செய்யப் போகும்போது டார்ச் அடித்துப் பார்த்தால், பிளஸிலிருந்து ஒரே ஒரு இழை வெளியே நீட்டி மைனஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கழற்றி, முறுக்கி, மறுபடி மாட்டினோம். பேஸ் வந்தபோது தண்ணீர் டேங்க் மூடி அதிர்ந்தது. மணி ஒன்பதே முக்கால். 2000-ஆம் ஆண்டு சத்த விதிகளின்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அவனுக்குக் கிடைத்தது கால் மணி நேரம். அதிலும் பாதியை 'அண்ணா, இன்னொரு சப் போடலாமா?' என்று கேட்டே கழித்தான்.