வீடியோ கேமை உடலுக்கும் மனதுக்கும் பயன்படும்படி விளையாடுவது எப்படி?

வீடியோ கேம் மூளைக்கு நல்லதா என்று பொதுவாகக் கேட்டால், அதற்குப் பொதுவான பதில் கிடையாது. ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு திறனுக்கு வேலை கொடுக்கிறது. ஆகவே, உங்களுக்கு வேண்டியது கவனமா, மன ஆறுதலா, உடலசைவா என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுக் கேமைத் தேர்ந்தெடுங்கள்.

கவனத்தைக் கூர்மையாக்க விரும்புவோர் வேகமான ஆக்‌ஷன் கேம்களை நாடலாம். ஷான் கிரீன், டாஃப்னே பவேலியர் ஆகியோர் 2003-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், கேம் பழக்கம் இல்லாத சிலர் நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் 10 நாட்கள் துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றை ஆடினார்கள். ஒப்பீட்டுக்காக மற்றொரு குழுவினர் அதே அளவு நேரம், மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி இடைவெளியின்றி அடுக்கும் டெட்ரிஸ் ஆடினார்கள். திரையில் சிதறிக் கிடப்பவற்றுள் வேண்டியதைச் சட்டெனக் கண்டுபிடிப்பதில் சண்டை கேம் ஆடியவர்களே கூடுதலாக முன்னேறினார்கள். காரணம் எளிது: டெட்ரிஸில் கண் ஒரு நேரத்தில் ஒரு கட்டையை மட்டுமே பின்தொடர்கிறது, சண்டை கேமிலோ எதிரி எந்த மூலையிலிருந்து வருவான் என்று தெரியாததால், திரை முழுவதையும் கவனித்தாக வேண்டியிருக்கிறது.

வயதானவர்களும் தயங்க வேண்டியதில்லை. 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 60 முதல் 85 வயது வரையுள்ளவர்கள் ‘நியூரோரேசர்’ என்ற கேமை ஒரு மாத காலத்தில் 12 மணி நேரம் ஆடினார்கள். வளைந்து நெளியும் சாலையில் கார் விலகாமல் பார்த்துக்கொண்டே, குறிப்பிட்ட அடையாளம் தோன்றும்போது மட்டும் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்வதில் அவர்கள் பெற்ற முன்னேற்றம் ஆறு மாதங்களுக்குப் பிறகும் தென்பட்டது. ஆடுபவரின் திறன் கூடக் கூட அந்தக் கேமும் கடினமாகிக்கொண்டே போனது என்பதுதான் இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நுணுக்கம். கைக்குப் பழகிய லெவலையே திரும்பத் திரும்ப ஆடுவது நல்ல பொழுதுபோக்குதான், ஆனால் அது பயிற்சி ஆகாது.

‘மூளைப் பயிற்சி’ என்று விற்கப்படும் செயலிகளைச் சற்றுச் சந்தேகத்துடனேயே அணுகுங்கள். போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள, அத்தகைய செயலியை விற்கும் லூமோசிட்டி நிறுவனம் 2016-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

மனதில் ஒரே காட்சி சுழன்றுகொண்டிருந்தால், கவனத்தில் பின்தங்கிய அதே டெட்ரிஸ் இங்கே கைகொடுக்கக்கூடும். சாலை விபத்தில் சிக்கி, ஆறு மணி நேரத்துக்குள் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களை வைத்து நடத்தி 2017-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், விபத்தைச் சற்று நினைவுகூர்ந்துவிட்டு டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு, அடுத்த வாரத்தில் அழையாமல் வந்து நிற்கும் விபத்துக் காட்சிகள் குறைந்திருந்தன. அடுத்த கட்டையை மனதுக்குள்ளேயே திருப்பிப் பார்த்து, எந்தப் பள்ளத்தில் பொருந்தும் என்று கணக்கிடும்போது, காட்சிகளைக் கையாளும் மூளையின் திறன் அந்த வேலையிலேயே செலவாகிவிடுகிறது. இது சிகிச்சைக்கு மாற்று அன்று.

உடலுக்கு வேண்டுமானால் உடலை அசைக்கும் நடன, உடற்பயிற்சி கேம்களே வழி. உட்கார்ந்து ஆடுபவர்கள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 20 அடி தொலைவிலுள்ள ஏதாவது ஒன்றை 20 நொடிகள் பார்க்கட்டும்; விறுவிறுப்பான கட்டத்தில் நாம் கண் சிமிட்டவே மறந்துவிடுகிறோம்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு அலாரம் வைத்துப் பயனில்லை என்பது என் அனுபவம். அது எப்போதும் ஆட்டத்தின் நடுவிலேயே அடிக்கிறது, கை தானாகச் சென்று அதை அணைத்துவிடுகிறது. மாறாக, “இன்று மூன்று ஆட்டம்” என்று ஆரம்பிக்கும் முன்பே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். தோற்ற கோபத்தில் தாடை இறுகி, கட்டைவிரல் மறுபடி ‘ஸ்டார்ட்’ பட்டனைத் தேடினால், அந்த நான்காவது ஆட்டத்தால் எந்தப் பலனும் இராது.

2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ‘கேமிங் கோளாறு’ இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால் அது கோளாறாகக் கருதப்படுகிறது. நாளுக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு அதில் இல்லை. எனவே கடிகாரத்தைவிட உங்கள் தூக்கத்தையும், வேலையையும், உடனிருப்பவர்களுடன் பேசுவது குறைந்துவிட்டதா என்பதையும் கவனித்து, இவை சரியத் தொடங்கினால் ஓராண்டு வரை காத்திராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.