பெரிய நிறுவனத்தில் உங்கள் மாற்றத்தை எப்படி உள்ளே அனுப்புவது

நான்கு பேர் இருந்த டீமிலிருந்து ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மாறிய முதல் மாதத்தில், நிரலில் செய்த 1,400 வரி மாற்றத்தை ஒரே ரிவ்யூவாக, அதாவது சக இன்ஜினியர் படித்துச் சரிபார்க்க, அனுப்பினேன். ஒன்பது நாள் யாரும் திறக்கவே இல்லை. எனக்கோ கோபம் கோபமாக வந்தது. கடைசியில் டீமில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இதை ஆறா உடைச்சுக் கொடுங்க, இன்னைக்கே பார்க்கிறேன்" என்றார். உடைத்தேன். மூன்றாம் நாள் ஆறும் டீமின் பொது நிரலுக்குள் போய்விட்டன. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இந்த உடைக்கும் வேலையைத்தான்.

அதற்கு முன்னால் ஒன்று. எல்லாம் புரிந்த பிறகு தொடலாம் என்று காத்திருக்காதீர்கள். 2015 தொடக்கத்தில் கூகுள் தன் நிரலைச் சேமித்து வைக்கும் ஒரே களஞ்சியத்தில் சுமார் 200 கோடி வரி நிரல் இருந்ததாக அந்த நிறுவனத்தின் இன்ஜினியர்களே எழுதியிருக்கிறார்கள். அதை முழுக்கப் படித்தவர் யாரும் இருக்க முடியாது. ஒரே ஒரு கோரிக்கை எங்கே நுழைகிறது, எந்த சர்வீஸ்களைத் தொடுகிறது, பதில் எங்கிருந்து கிளம்புகிறது என்று லாக் (சர்வர் தானே எழுதி வைக்கும் நடப்புக் குறிப்பு) பார்த்துக்கொண்டே போங்கள். முதல் வாரத்துக்கு அது போதும். தேவையில்லாததுபோல் தெரியும் ஒரு நிபந்தனையை நீக்கத் தோன்றினால், அந்த வரி எந்த கமிட்டில் (செய்தியோடு பதிவான மாற்றத்தில்) வந்தது என்று முதலில் பாருங்கள். நான் நீக்கவிருந்த ஒரு வரி, பழைய மொபைல் ஆப்புக்காக ஐந்து வருடத்துக்கு முன் சேர்த்தது. காரணம் கமிட் செய்தியிலேயே தெளிவாக இருந்தது.

சரி, எப்படி உடைப்பது? பெயர் மாற்றுவது, கோப்பை இடம் மாற்றுவது எல்லாம் தனி மாற்றமாகப் போகட்டும். அதில் நடத்தை துளியும் மாறக்கூடாது. அடுத்தது, இப்போதைய நடத்தைக்கு டெஸ்ட். பிறகு புதிய நிரல், அணைத்து வைத்த ஃபிளாகுக்கு (நிரலின் ஒரு பகுதியை இயக்கவோ அணைக்கவோ வைக்கும் சுவிட்ச்) பின்னால். ஃபிளாகை இயக்குவது கடைசி மாற்றம். பெயர் மாற்றத்தையும் தர்க்க மாற்றத்தையும் கலந்து அனுப்பினால், படிப்பவர் 300 வரிக்குள் முக்கியமான மூன்று வரியைத் தேட வேண்டியிருக்கும். பெரும்பாலும் தேடமாட்டார். விளக்கத்தில் ஏன் மாற்றுகிறீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்ற இரண்டையும் எழுதுங்கள். ஒரே கருத்தின் மேல் மூன்று சுற்று வாதம் போனால் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். அப்புறம் முடிவை ரிவ்யூவிலேயே எழுதி வையுங்கள்.

பழைய ஃபிளாகை வேறு வேலைக்கு ஒருபோதும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது இதுதான். எட்டு சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் புதிய நிரல் போகவில்லை. மறுபடி பயன்படுத்திய ஃபிளாக் அந்த ஒன்றில் கைவிடப்பட்ட பழைய நிரலை எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். வேலை முடிந்த ஃபிளாகையும், அதன் பின்னால் இருக்கும் நிரலையும் அழிப்பதற்கு அன்றே ஒரு டிக்கெட் (செய்ய வேண்டிய வேலைப் பதிவு) போட்டுவிடுங்கள்.

ஆன்-கால் முறை, அதாவது கோளாறு வந்தால் உடனே கவனிக்கும் பொறுப்பு, உங்களுக்கு வரும்போது, காரணம் தேடுவதற்கு முன் சேதத்தை நிறுத்துங்கள். என் முதல் இரவில் 2:40 மணிக்கு அலாரம் அடித்தது. 50 நிமிடம் லாகைத் தோண்டிக்கொண்டிருந்தேன். முந்தைய மாலை போன டிப்ளாயை (சர்வர்களில் ஏற்றிய புதிய நிரலை) திரும்ப எடுத்திருந்தால் நான்கு நிமிடத்தில் சரியாகியிருக்கும். அந்த 46 நிமிடமும் பயனர்கள் காத்திருந்தார்கள். இன்றுவரை அது என் மனதை உறுத்துகிறது. இப்போதெல்லாம் என் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே இப்படித் திரும்ப எடுக்கும் ரோல்பேக் கட்டளையை ஒருமுறை சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

கோளாறு பற்றி மறுநாள் எழுதும் அறிக்கையில் தவறு செய்த ஆளைத் தேடாதீர்கள். 2017 பிப்ரவரியில் அமேசானின் எஸ்3 என்ற தரவுச் சேமிப்புச் சேவை பல மணி நேரம் தடுமாறியது, ஒரு கட்டளையில் தவறாகத் தட்டிய உள்ளீட்டால்தான். நினைத்ததைவிட அதிக சர்வர்கள் விலகிவிட்டன. அவர்கள் வெளியிட்ட விளக்கத்தில் இருந்தது கருவியில் செய்த மாற்றம்: சர்வர்களை மெதுவாக விலக்குவது, குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவிடாமல் தடுப்பது. உங்கள் அறிக்கையும் அந்த அளவுக்குத் திட்டவட்டமான ஒரு திருத்தத்தில் முடிய வேண்டும்.

மீட்டிங்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முடிவு எடுத்தால் இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

உங்களிடம் ரிவ்யூ வந்தால் அன்றே திறங்கள். காலையில் என் வேலையைத் தொடும் முன் அரை மணி நேரம் மற்றவர்களின் மாற்றங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர் அனுப்பியது இருந்தால் அதைத்தான் முதலில் எடுப்பேன். ரொம்பப் பெரிதாக இருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எங்கே உடைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.