செயற்கைக்கோள் படத்தில் பிளவுப்பெயர்ச்சியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கூகுள் எர்த் புரோவைத் திறந்து மலைப்பகுதி எதையாவது நெருங்கிப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். அவற்றில் எது வெறும் விரிசல், எது நிலம் நகர்ந்த பிளவுப்பெயர்ச்சி, நகர்த்தியது எந்த விசை என்பதை மேசையில் உட்கார்ந்தபடியே ஓரளவு சொல்லிவிடலாம். புவித்தட்டு பற்றிப் பள்ளியில் படித்தது நினைவிருக்கும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

கணினியில் செய்யுங்கள். கைப்பேசித் திரையில் கண்வலிதான் மிச்சம். இன்னொன்று, பிளவுகளைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் வரைபட அடுக்குகளை முதலிலேயே சேர்க்காதீர்கள். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால் கண் பழகாது.

படி 1: வாலஸ் கிரீக்கிலிருந்து தொடங்குங்கள்

தேடல் பெட்டியில் 35.271, -119.827 என்று கொடுங்கள். கலிபோர்னியாவின் கரிசோ சமவெளிக்குப் போய் நிற்கும். வாலஸ் கிரீக் என்ற ஓடை அங்கே வடகிழக்கு மலையிலிருந்து தென்மேற்காக இறங்கி வருகிறது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவைத் தொட்டதும் சட்டென்று வலப்பக்கம் திரும்பி, சுமார் 130 மீட்டர் பிளவை ஒட்டியே ஓடி, பிறகு மறுபடி பழைய திசையைப் பிடிக்கிறது. அளவுகோல் கருவியை வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

இந்த விலகல் சேர ஏறக்குறைய 3,700 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வகுத்தால் ஆண்டுக்கு 35 மில்லிமீட்டர் வரும். அதற்காக நிலம் அங்கே வருடா வருடம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பகுதியில் பிளவு இறுகிக் கிடக்கிறது. இருபுறமும் தட்டுகள் நகர நகரப் பாறை வளைந்து விசையைச் சேர்த்துவைக்கும். தாங்காதபோது ஒரே நிலநடுக்கத்தில் பல மீட்டர் வழுக்கும். 1857இல் இங்கே நடந்தது அதுதான். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்த அறிவியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட் இதை விளக்கினார்.

படி 2: விரிசலா, பெயர்ச்சியா?

கோட்டின் இரு பக்கமும் ஒரே பாறை அடுக்கு, ஒரே ஓடை நேராகத் தொடர்ந்தால் அது விரிசல். தொடராமல் விலகியிருந்தால் பெயர்ச்சி. யூட்டாவின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் வரிசையாக இணை இணையாக ஓடும் கோடுகளைப் பாருங்கள். பெரும்பாலானவை பாறை பிளந்து, அரிப்பில் அகன்றவை. பக்கவாட்டில் எதுவும் நகரவில்லை. முழு நேர்கோடாக இருந்தால் முதலில் சாலையையும் குழாய்த்தடத்தையும் சந்தேகியுங்கள்.

படி 3: வலமா, இடமா?

கோட்டுக்கு ஒரு பக்கம் நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் வலப்புறம் போயிருந்தால் வலப்பெயர்ச்சி. தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தாலும் விடை மாறாது. சான் ஆண்ட்ரியாஸ் வலம். சாக்கடல் பிளவு இடம்.

படி 4: மேலா, கீழா?

பிளவு சாய்வாக இருந்தால், அதன் வழியே சுரங்கம் தோண்டி உள்ளே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே இருப்பது தொங்கு சுவர், காலுக்குக் கீழே இருப்பது அடிச்சுவர். தொங்கு சுவர் இறங்கியிருந்தால் அங்கே புவியின் மேலோடு இழுபட்டிருக்கிறது. ஏறியிருந்தால் நெருக்கப்பட்டிருக்கிறது. நெவாடாவின் மலையும் பள்ளமும் மாறி மாறி வருவது முதல் வகை, இமயமலை அடிவாரம் இரண்டாவது. கிடைமட்டத்திலிருந்து பிளவு சாயும் கோணமும் துப்புக் கொடுக்கும்: இழுபட்ட இடத்தில் 60 பாகை, நெருக்கப்பட்ட இடத்தில் 30 பாகை, பக்கவாட்டு வழுக்கலில் கிட்டத்தட்ட செங்குத்து. 1905இல் புவியியலாளர் ஆண்டர்சன் சொன்ன கணக்கு இது. பழைய பலவீனத்தின் மேலேயே மறுபடி உடையும் பாறை இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது.

படி 5: பாறை அடுக்குகளை நம்பாதீர்கள்

பலரும் சறுக்கும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். படத்தில் ஒரு அடுக்கு பக்கவாட்டில் விலகித் தெரிகிறது. உடனே 'பக்கவாட்டுப் பெயர்ச்சி' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள்.

விளையாட்டுக் களிமண் இரண்டு நிறத்தில் எடுத்து மாற்றி மாற்றி அடுக்குங்கள். மேற்பரப்பில் பட்டைகள் தெரியும்படி, அடுக்குகள் 45 பாகை சாய்ந்திருக்குமாறு ஒரு கட்டியாக வெட்டிக்கொள்ளுங்கள். பட்டைகளுக்குக் குறுக்கே கத்தியை நேர் செங்குத்தாக இறக்கி இரண்டாக்குங்கள். ஒரு துண்டை 1 செ.மீ. மட்டும் உயர்த்துங்கள். துருத்தி நிற்கும் பகுதியைச் சீவித் தள்ளி, மட்டமாக்கி, மேலிருந்து பாருங்கள். பட்டைகள் 1 செ.மீ. பக்கவாட்டில் விலகியிருக்கும். ஆனால் எதுவும் பக்கவாட்டில் ஒரு மயிரிழைகூட நகரவில்லை! உயர்ந்த பக்கத்தை அரிப்பு சீவும்போது, சாய்ந்த அடுக்கின் ஆழமான பகுதி வெளியே வருகிறது. அது சாய்வின் திசையில் தள்ளித்தான் இருக்கும். சாய்வு 30 பாகை என்றால் விலகல் 1.7 செ.மீ. ஆகிவிடும்.

அதனால்தான் எனக்கு அடுக்கைவிட ஓடைமேல் நம்பிக்கை அதிகம். அடுக்கு ஒரு தளம், ஓடை ஒரு கோடு. கோடு பிளவை ஒரே புள்ளியில்தான் வெட்டும். இருபுறமும் அந்தப் புள்ளிகளைப் பொருத்தினால் உண்மையான நகர்வு கிடைக்கும்.

பின்சேர்க்கை: 'வலப்பெயர்ச்சிப் பிளவில் ஓடை இடப்பக்கம் திரும்புகிறதே' என்று கருத்துகளில் சிலர் கேட்டிருந்தீர்கள். அப்படியும் நடக்கும். நகர்ந்து வந்த பக்கத்து ஓடையின் பழைய வாய்க்காலில் தண்ணீர் புகுந்துகொண்டால் விலகல் தலைகீழாகத் தெரியும். ஒரே ஓடையை வைத்து முடிவு கட்டாமல், அதே பிளவைக் கடக்கும் ஐந்தாறு ஓடைகளைப் பாருங்கள். பெரும்பாலானவை ஒரே பக்கம் திரும்பினால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்குச் சீனாவின் ஷின்ஜியாங்கில் உள்ள பிச்சியாங் பிளவைத் தேடுங்கள். வண்ண வண்ணப் பாறை முகடுகள் சுமார் 3 கிலோமீட்டர் விலகித் தெரியும். அவை சாய்ந்த அடுக்குகள் என்பதை மறக்காமல், வலமா இடமா என்று எழுதுங்கள்.