பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் கூப்பன் பக்கத்தைப் பாருங்கள்

பழைய அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் சேர்க்கிறேன் என்று சொன்னால் போதும், "இப்போ என்ன விலைக்குப் போகும்?" என்றுதான் எதிரில் இருப்பவர் கேட்பார். முதலீடாக வாங்குகிறவர்களுக்கு ஆயிரம் பேர் ஆலோசனை சொல்வார்கள், அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது 1960, 70களின் இதழ்களை அவற்றின் கிறுக்குத்தனத்துக்காகவே வாங்க நினைப்பவர்களுக்கு.

முதலில் ஒரு விஷயம். அந்தக் கதைகளில் பெரும்பாலானவை இன்று வழவழப்பான தாளில், சுத்தமான வண்ணத்தில் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. கதை மட்டும் போதும் என்றால் அதை வாங்கிவிடுங்கள், காசு மிச்சம். ஆனால் மறுபதிப்புகளில் பொதுவாக விளம்பரமும் வாசகர் கடிதமும் வெட்டி எடுக்கச் சொல்லும் கூப்பனும் இருக்காது. பழைய இதழைத் தேடி வாங்குவதற்கு உருப்படியான காரணமே அந்தப் பக்கங்கள்தான் என்பது என் கட்சி. அதனால் எந்த இதழைக் கையில் எடுத்தாலும் கதைப் பக்கத்தை விட்டுவிட்டு நேராக அங்கே போங்கள்.

எதை வாங்குவது? ஸ்பைடர்மேன் முதலில் வந்த 1962 இதழ், ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழ் இதெல்லாம் நம் பட்ஜெட்டுக்குள் வராது, விட்டுத்தள்ளுங்கள். அசட்டுத்தனமான இதழ்களுக்குப் போங்கள், பெரும்பாலும் விலையும் குறைவு, சிரிப்பும் அதிகம். சூப்பர்மேனின் நண்பன் ஜிம்மி ஓல்சன் ராட்சத ஆமை மனிதனாக மாறுகிற 1961 இதழ் ஒன்று இருக்கிறது. எதையும் தின்று செரித்துவிடுவதையே தன் சக்தியாக வைத்திருக்கும் மேட்டர்-ஈட்டர் லேட் என்று ஒரு ஹீரோ உண்டு. ஸ்பைடர்மேன் காமிக்ஸ் போடும் மார்வெல் நிறுவனத்தின் பக்கம் பசைத் துப்பாக்கியோடு திரியும் பேஸ்ட் பாட் பீட் என்று ஒரு வில்லன், பெயரை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம். அப்புறம் கொரில்லா. 1951இல், சூப்பர்மேன் காமிக்ஸ் போடும் டிசி நிறுவனத்தின் 'ஸ்ட்ரேஞ்ச் அட்வென்ச்சர்ஸ்' 8ஆம் இதழ் அட்டையில், கூண்டுக்குள் இருக்கும் கொரில்லா ஒன்று, தான் ஒரு விஞ்ஞான சோதனைக்குப் பலியான மனிதன் என்று எழுதிக் காட்டும். அது நன்றாக விற்றுவிடவே, அதற்கப்புறம் பல வருடம் டிசி அட்டைகளில் கொரில்லாக்கள் வந்துகொண்டே இருந்தன. கொரில்லா அட்டை மட்டும் சேர்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள். ஆரம்பிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு குறுகலான ஆசை இருப்பது நல்லது, இல்லையென்றால் பர்ஸ் தாங்காது.

எந்தக் காலத்து இதழ் என்பதை அட்டை விலையை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். 10 சென்ட் என்றால் 1961 வரை. 12 சென்ட் 1969 வரை ஓடியது, பிறகு 15, 20, 1974 வாக்கில் 25, 1977இல் 35 என்று ஏறியது. 80 பக்கச் சிறப்பிதழ்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவற்றின் விலையே தனி. டிசி இதழின் தலையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் பட்டையாக ஓடினால் அது 1966, 67. அட்டையில் இருக்கும் மாதத்தை அப்படியே நம்பாதீர்கள். கடையில் சீக்கிரம் பழசாகத் தெரியக்கூடாது என்று இரண்டு மூன்று மாதம் தள்ளியே போடுவார்கள். நவம்பர் 1961 என்று போட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழ் ஆகஸ்டிலேயே கடைக்கு வந்துவிட்டது.

இப்போது கூப்பன். 1974இல் மார்வெல் ஒரு வேலை செய்தது. இதழுக்குள் 'வேல்யூ ஸ்டாம்ப்' என்று சின்னச் சதுரமாக ஒரு படம் அச்சடித்து, இதை வெட்டிப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து வையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைகள் கத்தரிக்கோலை எடுத்தார்கள். அதே வருடம் வந்த 'இன்கிரெடிபிள் ஹல்க்' 181ஆம் இதழில்தான், பிற்பாடு பெரிய ஹீரோவான வுல்வரின் முழுசாக அறிமுகமாகிறான், அதிலும் கடிதப் பக்கத்தில் ஸ்டாம்ப் இருந்தது. இன்று அந்த ஸ்டாம்ப் இருக்கிற பிரதிக்கும் இல்லாத பிரதிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அட்டை பளபளவென்று இருக்கும், உள்ளே சதுரமாக ஒரு ஓட்டை இருக்கும், விற்பவர் அட்டையை மட்டும் படம் எடுத்துப் போட்டிருப்பார்.

அதனால் ஆன்லைனில் வாங்கும்போது கூச்சப்படாமல் நான்கு படம் கேளுங்கள்: கடிதப் பக்கம், கூப்பன் உள்ள விளம்பரப் பக்கம், நடுப்பக்கம் இரண்டு ஸ்டேப்ளர் பின்னிலும் பிடித்திருக்கிறதா என்பது, பின்னட்டையின் உள்பக்கம். நேரில் என்றால் ஒவ்வொரு தாளாக ஓரத்தைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். கூப்பனின் மறுபக்கம் கதையாகவும் இருக்கலாம், வெட்டினால் ஹீரோவின் தலையும் சேர்ந்து போயிருக்கும். அட்டையின் மேல் பகுதி, அதாவது பெயர் இருக்கும் இடம், கிழிந்து போன பிரதிகளும் வரும். விற்காத இதழுக்குப் பணம் திரும்பப் பெற, கடைக்காரர்கள் அந்தத் துண்டை மட்டும் கிழித்து அனுப்பிவிடுவார்கள், மீதியைக் குப்பையில் போடவேண்டும் என்பது விதி, போடாமல் விற்றவர்களும் உண்டு. படிப்பதற்கு மட்டும் என்றால் இது நல்ல பேரம். அட்டையில் கடைக்காரர் பென்சிலால் எழுதிய தேதி இருந்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது இருந்தால்தான் பிடிக்கும்.

அந்த விளம்பரங்களின் அழகே தனி. 'சீ மங்கீஸ்' என்று கிரீடம் வைத்த குட்டி ராஜகுடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும், காசு அனுப்பினால் வருவது உப்புநீரில் பொரியும் நுண்ணிய இறால் வகை முட்டை. எக்ஸ்ரே கண்ணாடி என்று விற்றதில், ஆரம்பத்தில் வந்தவற்றில் லென்ஸ் இருக்கவேண்டிய அட்டைக்குள் ஒரு பறவை இறகைச் செருகியிருப்பார்கள். அதன் வழியாகப் பார்த்தால் விரலைச் சுற்றி நிழல் விழும், அதுதான் எலும்பு! இரண்டையும் விற்றவர் ஒரே ஆள், ஹெரால்ட் வான் பிரான்ஹட். ஏழடி நீள அணு நீர்மூழ்கிக் கப்பல் என்று 6.98 டாலருக்கு விற்றது வெறும் அட்டைப்பெட்டி. இருநூறு பொம்மைச் சிப்பாய்கள் வாங்கியவனுக்குப் பக்கவாட்டில் பார்த்தால் தட்டையான பிளாஸ்டிக் துண்டுகள். இந்தப் பொருள்களையே தேடிச் சேர்க்க விரும்பினால் ஒன்று கவனியுங்கள்: பெட்டியும் துண்டறிக்கையும் இல்லாமல் தனியாக வந்தால் எந்த வருடத்துது என்று சொல்லவே முடியாது, சீ மங்கீஸ் இன்றும் விற்கிறது. அஞ்சல் உறையோடு வந்தால் மட்டும் கூடுதல் காசு கொடுங்கள்.

ரசிகர் மன்றச் சாமான்கள் இதைவிடச் சுவாரசியம். 1960களின் நடுவில் ஒரு டாலர் அனுப்பினால் மார்வெலின் மன்றத்தில் உறுப்பினர் அட்டை, பட்டன், ஸ்டிக்கர்கள், அலுவலகத்து ஆட்கள் பேசிக் கலாய்க்கும் ஒரு சின்ன இசைத்தட்டு எல்லாம் வரும். முழு செட் கிடைப்பது கஷ்டம், பட்டன் மட்டும் தனியாகக் கிடைக்கும், அதுவே போதும். ஆனால் எல்லாவற்றுக்கும் சிகரம் 'நோ பிரைஸ்', அதாவது 'இல்லாத பரிசு'. கதையில் தவறு கண்டுபிடித்து எழுதிய வாசகருக்கு மார்வெல் ஆசிரியர் ஸ்டான் லீயின் ஆட்கள் ஒரு உறை அனுப்புவார்கள், இதற்குள் நீங்கள் வென்ற உண்மையான நோ பிரைஸ் இருக்கிறது என்று வெளியே அச்சடித்திருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தக் காலி உறைக்கு இன்று காசு கொடுக்க ஆள் இருக்கிறது. வாங்கினால் அஞ்சல் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பொம்மை என்றால் 1966இல் கார்கி என்ற பொம்மைக் கம்பெனி போட்ட பேட்மொபைல், அதாவது பேட்மேனின் கார், எண் 267, ஒன்று போதும். முன்னால் சங்கிலி வெட்டும் கத்தி பாய்ந்து வெளியே வரும், வண்டி உருளும்போது பின்னால் தீப்பிழம்பு ஆடும், மேலே குழாயிலிருந்து மஞ்சள் ராக்கெட் பறக்கும். அந்த ராக்கெட்டுகளில் எத்தனை சோபாவுக்கு அடியில் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்று வண்டியோடு வருகிற ராக்கெட் பல நேரம் பிற்காலத்து நகல், ஒரிஜினல் என்று சொன்னால் ஆதாரம் கேளுங்கள். வண்டிக்குள் உட்காரும் பேட்மேன், ராபின் பொம்மைகளும் அப்படித்தான்.

போலி என்று வரும்போது ஒன்றே ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சூப்பர்மேன் முதலில் வந்த 1938 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழை 1974இல் டிசியே பெரிய அளவில் மறுபதிப்பாகப் போட்டது. அதற்கு மேலே ஒரு அட்டை, உள்ளே பழைய அட்டையின் அச்சு அசல் நகல். மேல் அட்டையைக் கழற்றிவிட்டு ஒரிஜினல் என்று தலையில் கட்டுவார்கள். ஸ்கேல் எடுத்து அளந்தால் கதை முடிந்தது: மறுபதிப்பின் உயரம் 13 அங்குலத்துக்கு மேல், அசல் 10 அங்குலத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். மற்றபடி மார்க்கர் வைத்து வண்ணம் தீட்டிய அட்டையின் உள்பக்கத்தைத் திருப்பினால் மை ஊறித் தெரியும், ஓரம் பிளேடு வைத்தாற்போல் நேராக இருந்தால் பிசிறை மறைக்க வெட்டியிருக்கிறார்கள். தரச்சான்று கொடுத்து பிளாஸ்டிக்குக்குள் அடைத்து விற்பதில் இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் திறந்து படிக்க முடியாது, விளம்பரத்துக்காக வாங்குகிற நமக்கு அது எதற்கு?

நம் ஊரில் வைத்துக்கொள்வதுதான் பெரிய பாடு. அந்தத் தாள் மலிவான செய்தித்தாள் ரகம், அதிலேயே அமிலம் இருக்கிறது, வெயிலும் ஈரமும் சேர்ந்தால் பழுத்து ஓரம் அப்பளமாக உடையும். பரண் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். பள்ளிப் புத்தகத்துக்குப் போடுகிற மாதிரி பிரவுன் ஷீட் அட்டை போடவே கூடாது, செல்லோடேப் கூடாது, லேமினேஷன் என்ற எண்ணமே வரக்கூடாது. பாலிபுரொப்பிலீன் உறை, உள்ளே அமிலமில்லாத அட்டை, பெட்டியில் நெட்டுக்குத்தாக, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. காசு இருந்தால் மைலார் என்ற பாலியஸ்டர் உறை. ராமபாணப் பூச்சிக்குப் பயந்து வேப்பிலையை உள்ளே வைத்தால் கறை பிடிக்கும், அந்துருண்டை போட்டால் அந்த வாடை தாளை விட்டுப் போகாது. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் மருந்து. கடலோர ஊர்களில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், அதற்காகப் பிடுங்கி மாற்றாதீர்கள்.

கூப்பன் வெட்டிய பிரதி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடவேண்டாம். அதே இதழின் அட்டை இல்லாத பிரதி ஒன்று மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள், இரண்டையும் சேர்த்தால் படிக்க முழு இதழ் ஒன்று கையில் இருக்கும். தாளைக் கழற்றி மாற்றிக் கோக்கிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பின்னாளில் விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.