ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது செய்யும் தவறுகள்

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை தாண்டிப் போனால் மன்னவனூர். ஒரு ஜனவரி இரவு அங்கே டென்ட் போட்டிருந்தோம். என் ஸ்லீப்பிங் பேக்கின், அதாவது உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப்பையின், உறையில் ‘0 டிகிரி’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. வெளியே 7 டிகிரி. சரி, கவலையில்லை என்று படுத்தேன். இரண்டு மணிக்கு விழித்தவன்தான், முழங்காலை நெஞ்சோடு அணைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு, பைக்குள் தைத்திருந்த சின்ன லேபிளைப் பார்த்தேன். கம்ஃபர்ட் 14, லிமிட் 10, எக்ஸ்ட்ரீம் 0 என்று மூன்று எண்கள் இருந்தன. உறையில் பெரிதாகப் போட்டிருந்தது கடைசி எண்.

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். ஐ.எஸ்.ஓ 23537 என்ற தர அளவீட்டின்படி சோதித்த பைகளில் இந்த மூன்று எண்களும் இருக்கும். கம்ஃபர்ட் என்பது ஒரு பெண் குளிர் தெரியாமல் இயல்பாகப் படுத்துத் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது ஓர் ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு ஒருவழியாகத் தூங்கக்கூடிய எல்லை. எக்ஸ்ட்ரீமில் தூக்கம் என்ற பேச்சே இல்லை. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும் அபாயத்தோடு சில மணி நேரம் உயிரோடு இருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். போகும் இடத்தின் இரவுக் குளிரைவிட அது ஐந்து டிகிரியாவது குறைவாக இருக்கட்டும். மூன்று எண்களும் இல்லாமல் ஒரே எண்ணைப் போட்டு விற்கும் பையை நான் நம்பமாட்டேன்.

நல்ல பை வாங்கியும் குளிர்கிறது என்பவர்களிடம், கீழே என்ன விரித்தீர்கள் என்று கேட்பேன். பை தானாகச் சூடு தராது. உள்ளே நிரப்பியிருக்கும் பஞ்சோ இறகோ காற்றைப் பிடித்துவைத்து, நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. நாம் படுத்ததும் முதுகுக்கு அடியில் அது நசுங்கிவிடும், காற்றுக்கு இடமில்லை. தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பைக்கு அடியில் ‘மேட்’ என்ற விரிப்பு வேண்டும். பையைச் சோதிப்பதே அந்த விரிப்பின்மேல் வைத்துத்தான். மேட் வாங்கும்போது ஆர் வேல்யூ எவ்வளவு என்று கேளுங்கள். எண் கூடக்கூட தரைக்குளிர் குறையும். நம் மலைகளுக்கு 2 அல்லது 3 போதும். பனிமேல் படுப்பதானால் 5 வேண்டும். ஒரு கோரைப்பாயை விரித்துச் சமாளித்துவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

அப்புறம், வாத்து இறகா செயற்கைப் பஞ்சா? இறகு எடை குறைவு, நன்றாகச் சுருங்கும். ஆனால் நனைந்தால் உப்பல் போய்க் கட்டிக்கொள்ளும், சூடும் போய்விடும். மூடுபனியும் சாரலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் செயற்கைப் பஞ்சுதான் என் தேர்வு. ஈரமானாலும் ஓரளவு சூடு காக்கும். லடாக் போன்ற வறண்ட குளிருக்கு இறகு அருமையானது. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் இமயமலை ஏறுபவர் அதற்கென்று விலை உயர்ந்த பை வாங்க வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

அளவைப் பார்க்காமல் வாங்குவதும் தவறுதான். பெரிய பை தாராளமாக இருக்குமே என்று எடுத்தால், உள்ளே இருக்கும் வெற்றிடத்தையெல்லாம் நம் உடம்புதான் சூடாக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் தோளும் காலும் அழுத்தி, அந்த இடத்தில் பஞ்சு நசுங்கும். கூச்சப்படாமல் கடையிலேயே படுத்து, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பாருங்கள். ஜிப்பின் உள்பக்கம் நெடுக ஒரு பஞ்சுப்பட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வழியாகக் குளிர் இறங்கும்.

தலையைப் பைக்குள் நுழைத்துக்கொண்டு தூங்காதீர்கள். மூச்சின் ஈரம் பஞ்சில் இறங்கிவிடும். தலைக்குக் குல்லா போட்டுக்கொள்ளுங்கள், மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பையை அதன் சின்ன உறையில் திணித்துப் பரணில் போடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் பஞ்சு பழையபடி உப்பாது, அடுத்த பயணத்தில் அதே பை குளிரும். உட்புறத்தை வெளியே திருப்பி, காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவைத்து, பழைய தலையணை உறை இரண்டை ஒன்றாகத் தைத்து அதற்குள் தளர்வாகப் போட்டுவையுங்கள்.